இலைப் படம் போட்ட டப்பாவை நம்பலாமா? ஃபாஸ்ட்ஃபுட் கடைகளின் ‘ஈகோ ஃப்ரெண்ட்லி’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு பேக்கிங் பொருள் மொத்தக் கடையில் ஒன்பது வருடம் இருந்தேன். பேப்பர் கப், பார்சல் டப்பா, ஸ்ட்ரா, டிஷ்யூ, கேரி பேக் என்று எல்லாம் என் கை வழியாகத்தான் பர்கர் கடைகளுக்கும் ஃப்ரைடு ரைஸ் வண்டிகளுக்கும் போயின. இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனாலும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் யாராவது ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து “இது நிஜமாவே மக்குமா?” என்று கேட்பது நிற்கவில்லை. அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டப்பாவில் ‘ஈகோ ஃப்ரெண்ட்லி’ என்று அச்சடித்திருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்?

அந்த ஒரு சொல் மட்டும் தனியாக இருந்தால், அர்த்தம் எதுவும் இல்லை.

எங்கள் கிடங்கில் பழுப்பு நிற பார்சல் டப்பா இரண்டு அடுக்காக இருக்கும். ஒன்றில் பச்சை இலைப் படம் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. இரண்டும் ஒரே ஆலை, ஒரே அட்டை, உள்ளே ஒரே பிளாஸ்டிக் பூச்சு. வித்தியாசம் அச்சில் மட்டும்தான். கடைக்காரர்கள் கேட்பதும் அதைத்தான்: “அண்ணே, அந்த இலை போட்டது குடுங்க.” வெள்ளை அட்டையைவிடப் பழுப்பு அட்டை இயற்கையானது என்று வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள் என்பது ஆலைக்கும் தெரியும், கடைக்கும் தெரியும். வெளுக்காத அட்டை என்பதற்கு மேல் அந்தப் பழுப்பு நிறம் ஒன்றையும் சொல்வதில்லை. டப்பாவின் உள்பக்கத்தை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், வழுவழுவென்று ஒரு படலம் தட்டுப்படும்.

சட்டம் இந்த இடத்துக்கு வந்தது சமீபத்தில்தான். 2024 அக்டோபர் 15 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப் பூச்சு (ஆங்கிலத்தில் ‘கிரீன்வாஷிங்’, இல்லாத சுற்றுச்சூழல் அக்கறையை இருப்பதாகக் காட்டுவது) விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ‘கிரீன்’, ‘ஈகோ ஃப்ரெண்ட்லி’, ‘பூமிக்கு நல்லது’ மாதிரியான பொத்தாம் பொதுவான சொற்களைப் பயன்படுத்தினால், எந்த வகையில் என்று தெளிவாக விளக்க வேண்டும். ஆதாரத்தை விளம்பரத்திலோ, க்யூஆர் கோடு மூலமாகவோ, இணைய முகவரி மூலமாகவோ நுகர்வோர் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஆகவே இலைப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி விளக்கமும் இல்லையென்றால், நீங்கள் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை.

பசுமைப் பூச்சு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

ஓட்டல் துண்டிலிருந்து. ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் 1986-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். பசிபிக் தீவு ஒன்றின் உல்லாச விடுதியில் “துண்டை மறுபடி பயன்படுத்துங்கள், கடலைக் காப்பாற்றுங்கள்” என்று அட்டை வைத்திருந்தார்கள். அதே விடுதி பக்கத்திலேயே கட்டடத்தை விரிவாக்கிக்கொண்டிருந்தது. சலவைச் செலவு மிச்சம், அதற்கு மேல் ஒரு நல்ல பெயரும். இன்றைக்கும் கதை அதேதான், துண்டு இருந்த இடத்தில் டப்பா இருக்கிறது.

பெரிய கம்பெனிகள் செய்தால்கூட மக்கள் ஏன் நம்ப மாட்டேன் என்கிறார்கள்?

ஒரு கதை சொல்கிறேன். பிரிட்டனில் நடந்தது.

2018-இல் மெக்டொனால்ட்ஸ் அங்குள்ள தன் 1,361 கடைகளிலும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவை நிறுத்திவிட்டுக் காகித ஸ்ட்ராவுக்கு மாறப்போவதாக அறிவித்தது. ஒரு நாளைக்கு 18 லட்சம் ஸ்ட்ரா. கைதட்டல் கிடைத்தது. கொஞ்ச நாளில் மில்க் ஷேக் குடித்து முடிப்பதற்குள் ஸ்ட்ரா ஊறிக் கூழாகிறது என்று புகார்கள் வந்தன. ஸ்ட்ராவைத் தடிமனாக்கினார்கள். 2019 ஆகஸ்டில் கம்பெனியின் உள் சுற்றறிக்கை ஒன்று பத்திரிகைக்குக் கசிந்தது. தடிமன் காரணமாக இந்தக் காகித ஸ்ட்ராவை மறுசுழற்சி செய்ய முடியாது, பொதுக் குப்பையில் போடுங்கள் என்று அதில் இருந்தது. காகிதம் மறுசுழற்சிக்கு உகந்ததுதான், ஆனால் இந்தத் தடிமனில் குப்பை கையாளும் நிறுவனங்களால் அதைப் பதப்படுத்த முடியவில்லை என்று கம்பெனியும் ஒப்புக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், விரட்டிவிட்ட பழைய பிளாஸ்டிக் ஸ்ட்ரா மறுசுழற்சி செய்யக்கூடியது.

இதில் கம்பெனி பொய் சொன்னது என்று நான் சொல்ல மாட்டேன். கடலில் மிதக்கும் ஸ்ட்ரா என்று பார்த்தால் காகிதம் பிளாஸ்டிக்கைவிட மேல்தான். தவறு வேறு இடத்தில் நடந்தது. எந்தப் பொருளில் செய்தது என்பதைச் சொன்னார்கள், எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்லவில்லை. அதைக் கசிந்த காகிதத்திலிருந்து தெரிந்துகொண்டவன் அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் நம்புவானா?

ஐரோப்பிய ஆணையம் 2020-இல் பல துறைகளின் பசுமை வாசகங்களை ஆராய்ந்தபோது, 53 சதவீதம் தெளிவில்லாமலோ, தவறாக வழிநடத்தும்படியோ, ஆதாரம் இல்லாமலோ இருந்தன. பாதிக்கு மேல் அப்படி இருக்கும்போது எல்லாவற்றையும் சந்தேகிப்பவரைக் குறை சொல்ல முடியாது.

அப்படியானால் எந்தச் சங்கிலிக் கடையும் உருப்படியாக ஒன்றும் செய்ததே இல்லையா?

செய்திருக்கிறார்கள். அதே மெக்டொனால்ட்ஸ், 1990-இல், அமெரிக்காவில். அப்போது பர்கர் தெர்மகோல் பெட்டியில்தான் வரும், சிப்பி மாதிரி திறந்து மூடும் பெட்டி. சாப்பிட்ட பெட்டிகளைப் பள்ளிப் பிள்ளைகள் தபாலில் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார்கள். கம்பெனி கடைசியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியம் என்ற அமைப்போடு உட்கார்ந்து பேசியது. அந்த அமைப்பு ஒரு பைசா வாங்கவில்லை. அதன் ஆட்கள் கடைச் சமையலறையில் நின்று வேலை செய்து பார்த்தார்கள். 1990 நவம்பர் 1 அன்று தெர்மகோல் பெட்டியைக் கைவிடுவதாக அறிவிப்பு வந்தது. பதிலுக்கு வந்தது மெல்லிய காகிதச் சுற்று. அடுத்த பத்து வருடத்தில் 30 கோடி பவுண்டு எடையுள்ள பேக்கிங் பொருள் மிச்சமானதாக அந்த அமைப்பே கணக்குக் காட்டியது.

நான் இதில் கவனிப்பது இரண்டு விஷயங்களை. சரிபார்த்தவர் காசு வாங்காதவர். அப்புறம், ‘மக்கும் பெட்டி’ என்று இன்னொரு பெட்டியைக் கொண்டுவரவில்லை, பொருளையே குறைத்தார்கள். குறைத்ததை எடை போட்டுப் பார்க்கலாம். மக்குகிறதா என்பதை வாடிக்கையாளர் எங்கே போய்ப் பார்ப்பார்?

பேப்பர் கப் பேப்பர்தானே? அதில் என்ன பிரச்சினை?

பேப்பர் மட்டும் என்றால் டீ ஊற்றிய இரண்டாவது நிமிடம் கையில் ஒழுகிவிடும். ஒழுகாமல் நிற்பது உள்ளே ஒட்டிய பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் படலத்தால். கப் எடையில் சுமார் 5 சதவீதம் அதுதான். மீதி 95 சதவீதம் காகிதமாக இருந்தும், இந்த 5 சதவீதம் ஒட்டிக்கொண்டிருப்பதால் சாதாரணக் காகித ஆலை அதை வாங்காது. பிரித்தெடுக்கத் தனி இயந்திரம் வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பேப்பர் கப்பைத் துண்டாகக் கிழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் காகிதம் கூழாகக் கரைந்து கையோடு வரும், உள்ளேயிருந்து பால் ஏடு போல ஒரு படலம் மட்டும் கிழியாமல் உரியும். என் தங்கை மகள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதைத்தான் செய்துகொண்டு போனாள். பார்த்த டீச்சர் அன்று கேண்டீனில் டீ குடிக்கவில்லையாம்.

அந்தப் படலம் சூட்டில் என்ன ஆகிறது என்று ஐஐடி கரக்பூர் ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் பார்த்தார்கள். 85 முதல் 90 டிகிரி சூடுள்ள 100 மில்லி திரவம் கப்பில் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் இறங்குகின்றன என்பது அவர்கள் கண்டது.

தமிழ்நாட்டில் பேப்பர் கப்புக்குத் தடை என்கிறார்களே, எல்லாக் கடையிலும் இருக்கிறதே?

தடை உண்டு, கப்பும் உண்டு. 2018-இல் ஆணை போட்டு 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறை பயன்பாட்டுப் பிளாஸ்டிக்கை அரசு தடை செய்தது. பிளாஸ்டிக் ஸ்ட்ரா, தெர்மகோல் தட்டு, பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் தாள் இவற்றோடு பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் காகிதத் தட்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பேப்பர் கப் தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் அந்தத் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது.

மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் கொண்டுவந்த தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் கப், தட்டு, ஸ்பூன், ஸ்ட்ரா இருக்கின்றன, பூசிய பேப்பர் கப் இல்லை. ஆகவே வேறு மாநிலத்தில் சட்டப்படி ஓடும் சரக்கு இங்கே தடைச் சரக்கு. லாரியில் வரும் அட்டைப் பெட்டிக்கு மாநில எல்லை தெரியாது. சோதனை வரும் நாளில் எங்கள் கடைத் தெருவில் ஷட்டர் பாதி இறங்கும், மறுநாள் ஏறும். நான் பார்த்ததைச் சொல்கிறேன், பெருமையாகச் சொல்லவில்லை.

‘கம்போஸ்டபிள்’ என்று எழுதிய கப்பைத் தோட்டத்தில் புதைத்தால் மக்கிவிடுமா?

பெரும்பாலும் மக்காது.

‘கம்போஸ்டபிள்’ என்று விற்கும் தெளிவான கப், மூடி, ஸ்பூன் எல்லாம் அதிகமாக பிஎல்ஏ என்ற பொருளில் செய்தவை. சோளம், கரும்பு மாதிரி பயிரின் மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் வருவதுதான். ஆனால் அது சொன்னபடி மக்க 58 டிகிரி அளவில் தொடர்ந்து சூடு தாங்கும் பெரிய உரக்கிடங்கு வேண்டும், ஈரம் வேண்டும், கிளறிவிட வேண்டும். உங்கள் வீட்டு மாமரத்தடிக் குழியில் அந்தச் சூடு வராது. அடுத்த ஆடிக்குத் தோண்டினாலும் ஸ்பூன் ஸ்பூனாகவே இருக்கும். பிளாஸ்டிக் பாட்டில்களோடு கலந்தால் மறுசுழற்சியையும் கெடுக்கும். குப்பை மேட்டில் காற்றில்லாமல் புதைந்தாலும் மக்காது.

ஆக, கம்போஸ்டபிள் என்பது அந்தப் பொருளுக்கு மட்டும் உரிய குணமில்லை. அதை எடுத்துக்கொள்ள ஊரில் ஒரு கிடங்கும் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. கல்லாவில் கேளுங்கள்: “தம்பி, இதை யார் எடுத்துட்டுப் போறாங்க? எங்க போகுது?” பதில் தெரிந்தால் நல்ல கடை.

‘பயோடிகிரேடபிள்’ என்றால் இன்னும் மேலா?

இல்லை, இன்னும் தளர்வான சொல். எத்தனை நாளில், எந்தச் சூழலில் என்று சொல்லாத வரை மரக்கட்டையும் பயோடிகிரேடபிள்தான். கம்போஸ்டபிள் பிளாஸ்டிக்குக்காவது ஐஎஸ்ஓ 17088 என்ற தரம் இருக்கிறது. இந்தியாவில் அதைச் செய்பவரும் விற்பவரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சான்றிதழ் வாங்க வேண்டும். பையிலோ டப்பாவிலோ சான்றிதழ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஐம்பது கிலோ கம்போஸ்டபிள் கேரி பேக் என்று ஒருமுறை எங்களுக்கு வந்தது. பச்சை நிறம், பெரிய எழுத்து, தயாரிப்பாளர் பெயர்கூட இல்லை. மூட்டையோடு திருப்பி அனுப்பினோம். அடுத்த வாரம் அதே பை எதிர்க் கடையில் தொங்கியது.

கரும்புச் சக்கைத் தட்டு, கிண்ணம்? அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லையே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சக்கையை அரைத்து அச்சில் அழுத்திச் செய்வது, நல்ல பொருள். ஆனால் சக்கை எண்ணெயை உறிஞ்சும். உறிஞ்சாமல் இருக்க அதில் எதைச் சேர்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் 2019-இல் இது வெடித்தது. சிபோட்லே, ஸ்வீட்கிரீன் மாதிரி கடைகள் ‘மக்கும் கிண்ணம்’ என்று பெருமையாகக் கொடுத்தவற்றில் பிஃபாஸ் என்ற ஃப்ளோரின் வேதிப்பொருள்கள் இருப்பது செய்தியாளர்களின் சோதனையில் தெரிந்தது. எண்ணெயையும் தண்ணீரையும் ஒட்டவிடாமல் செய்யும் அந்தப் பொருள்கள் எளிதில் சிதையாது. அதனால் அவற்றை ‘என்றென்றைக்குமான வேதிப்பொருள்’ என்கிறார்கள். கிண்ணம் மக்கும், அது உரத்தில் விட்டுப்போகும் வேதிப்பொருள் மக்காது. இரண்டு வருடம் முன்பே, 2017-இல், ஃபாஸ்ட்ஃபுட் கடைகளிலிருந்து சேகரித்த 400-க்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தபோது சுற்றும் காகிதங்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவற்றில் ஃப்ளோரின் இருந்தது.

அப்புறம் வேகமாக மாறியது. அங்கே மக்கும் பொருளுக்குச் சான்று தரும் அமைப்பு 2020 முதல் ஃப்ளோரின் 100 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 100 பங்கு) மேல் இருந்தால் முத்திரை இல்லை என்றது. டென்மார்க் அதே வருடம் உணவுக் காகிதத்தில் பிஃபாஸைத் தடை செய்தது. எண்ணெய் ஊறாமல் இருக்கக் காகிதத்தில் சேர்க்கும் பிஃபாஸ் இனி அமெரிக்கச் சந்தையில் விற்கப்படுவதில்லை என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை: தட்டில் ஒரு சொட்டு கடலை எண்ணெய் விடுங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்தாக உருண்டு நின்றால் ஏதோ பூச்சோ சேர்மானமோ இருக்கிறது, என்ன என்று கேட்க வேண்டும். மெதுவாகப் பரவி ஊறினால் கவலை குறைவு. இது சந்தேகத்தைக் காட்டும் சோதனை, முடிவான தீர்ப்பு ஆய்வகத்தில்தான்.

பாக்குமட்டைத் தட்டாவது?

எனக்குப் பிடித்த சரக்கு. கழுவி, ஊறவைத்து, சூட்டில் அழுத்தியது, வேறு சேர்மானம் இல்லை. ஆனாலும் 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாக்குமட்டைத் தட்டு இறக்குமதிக்கு முட்டுக்கட்டை போட்டது. பாக்கில் உள்ள ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள்கள் உணவில் இறங்கலாம் என்பது காரணம். இயற்கை என்பதால் மட்டும் எதுவும் சோதனைக்கு அப்பாற்பட்டதில்லை. வாழையிலைக்கு இன்னும் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

காகித ஸ்ட்ராவா, மூங்கில் ஸ்ட்ராவா, எது நல்லது?

பெல்ஜியத்தில் 2023-இல் 39 பிராண்டு ஸ்ட்ராக்களைச் சோதித்தார்கள். காகித ஸ்ட்ரா 20-இல் 18-இல் பிஃபாஸ் தென்பட்டது, மூங்கிலில் 5-இல் 4. எஃகு ஸ்ட்ராவில் மட்டும் இல்லவே இல்லை. அளவு சிறியதுதான், பயப்பட வேண்டாம். உடல் நிலையால் ஸ்ட்ரா தேவைப்படுபவரைத் தவிர மற்றவர்களுக்கு என் பதில்: டம்ளரைத் தூக்கிக் குடியுங்கள்.

கடையில் பச்சை, நீலம் என்று தனித்தனித் தொட்டி வைத்திருக்கிறார்கள். பிரித்துப் போட்டால் பயன் உண்டா?

தொட்டியைப் பார்க்காதீர்கள், தொட்டியைக் காலி செய்பவரைப் பாருங்கள்.

ஒரு மாலுக்குள் இருந்த பர்கர் கடைக்குச் சரக்கு இறக்கப் போயிருந்தேன். வாசலில் அழகான மரப்பெட்டி, மேலே மூன்று ஓட்டை, மூன்று பெயர். ஒரு குழந்தை அப்பாவிடம் கேட்டுக் கேட்டு டிஷ்யூவை ஒரு ஓட்டையிலும் மூடியை இன்னொன்றிலும் போட்டது. கொஞ்ச நேரத்தில் பையன் வந்து பின்கதவைத் திறந்தான். உள்ளே ஒரே கறுப்புப் பை. அவன் மேல் தப்பில்லை, அவனிடம் கொடுத்ததே ஒரு பைதான். ஆனால் அந்த அப்பா பார்த்திருந்தால், மறுபடி எந்தக் கடையிலும் பிரித்துப் போட்டிருக்க மாட்டார்.

வெறும் டப்பாவைப் பற்றியே பேசுகிறோமே, உள்ளே இருக்கும் சாப்பாடு?

இந்தக் கேள்வி முதலிலேயே வந்திருக்க வேண்டும். உலக அளவில் உணவால் வரும் பசுங்குடில் வாயுக்களில் பேக்கிங்கின் பங்கு 5 சதவீதம் மாதிரிதான். பெரிய பங்கு விளைவிப்பதிலும் வளர்ப்பதிலும் இருக்கிறது. மாட்டிறைச்சி பர்கர் விற்கும் நாட்டில், ஸ்ட்ராவை மாற்றிவிட்டுப் பசுமை என்று சொல்வது, லாரி நிறையச் சரக்கை விட்டுவிட்டு டிரைவர் கையிலிருக்கும் டிபன் பாக்ஸை எடை போடுவது போல.

பர்கர் கிங் அந்தப் பக்கம் ஒருமுறை கை வைத்தது. மாட்டுத் தீவனத்தில் எலுமிச்சைப் புல் சேர்த்தால் மீத்தேன் ஒரு நாளைக்கு 33 சதவீதம் வரை குறையும் என்று 2020-இல் பாட்டும் கூத்துமாக விளம்பரம் வந்தது. கால்நடை அறிவியல் ஆட்களும் விவசாயிகளும் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தீவனம் மாட்டின் கடைசிச் சில மாதங்களுக்கு மட்டும். மாட்டின் முழு ஆயுளுக்கும் அந்த எண்ணைப் பொருத்த முடியாது. போதாக்குறைக்கு, மாடு விடும் மீத்தேன் பெரும்பாலும் ஏப்பத்தில் வருகிறது, விளம்பரம் வேறு பக்கத்தைக் காட்டிச் சிரித்தது.

இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் மாட்டிறைச்சி விற்பதில்லை. அதற்காக வெஜ் பர்கர் என்றாலே சுமை குறைவு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சீஸின் உமிழ்வு கோழிக்கறியைவிட அதிகம். ‘எக்ஸ்ட்ரா சீஸ்’ சொல்லும்போது இது எனக்கு ஞாபகம் வரும், ஆனாலும் சொல்லிவிடுவேன்.

‘கார்பன் நியூட்ரல்’ பர்கர் என்று ஒன்று உண்டா?

வெளியிட்ட கார்பனுக்கு வேறு வழியில் ஈடுகட்டிவிட்டோம் என்பதுதான் அந்தச் சொல். சுவீடனின் மாக்ஸ் என்ற பர்கர் கடை 2008 முதல் மெனுவில் ஒவ்வொரு பர்கருக்கும் கார்பன் அளவை அச்சிடுகிறது. இது நல்ல பழக்கம், வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2018-இல் ஒரு படி மேலே போய், மரம் நட்டு ஈடுகட்டுவதால் தன் மெனு முழுவதும் வெளியிடும் கார்பனைவிட அதிகம் உறிஞ்சப்படுகிறது என்று அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 செப்டம்பர் 27 முதல் பொருந்தும் விதிப்படி, எங்கோ நட்ட மரத்தைக் கணக்குக் காட்டி ‘இந்தப் பொருளால் பாதிப்பே இல்லை’ என்று சொல்லக் கூடாது. என் கட்சி அந்த விதிதான். எண்ணை அச்சிடுங்கள், பாவமன்னிப்பை அச்சிட வேண்டாம்.

நம் ஊரில் எந்த முத்திரையைத்தான் நம்புவது?

சைவத்துக்கு உள்ள பச்சைப் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தைக்குப் போகும் பாட்டிக்கும் அதன் அர்த்தம் தெரியும். சட்டம் வரையறுத்த குறி, மீறினால் கேட்க ஆள் உண்டு. மெக்டொனால்ட்ஸ் இந்தியாவில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் சமையலறையையே பிரித்தது, அது கண்ணுக்குத் தெரியும் ஏற்பாடு. அமெரிக்காவில் 2019-இல் பர்கர் கிங் தாவர இறைச்சியில் ‘வாப்பர்’ என்ற தன் பர்கரைக் கொண்டுவந்து, இறைச்சி சுடும் அதே அடுப்பில் சுட்டபோது ஒரு நனிசைவர் (பால், முட்டைகூடத் தொடாதவர்) வழக்குக்கே போனார். வழக்கு தள்ளுபடியானது. தனி அடுப்பு என்று கம்பெனி எங்கும் வாக்குக் கொடுக்கவில்லையாம். சட்டத்தில் ஜெயித்தாலும், அந்த வாடிக்கையாளர் போனது போனதுதான்.

சுற்றுச்சூழலுக்கு அப்படிப் பாட்டி வரைக்கும் போன புள்ளி இன்னும் இல்லை. 1991-இல் அரசு ‘ஈகோமார்க்’ என்று மண்பானை முத்திரை ஒன்றைக் கொண்டுவந்தது, 2024-இல் அதற்குப் புது விதிகளும் வந்தன. ஒன்பது வருடத்தில் அந்தப் பானையை ஒரு டப்பாவில்கூட நான் பார்த்ததில்லை. இப்போதைக்குக் கைகொடுப்பவை: கம்போஸ்டபிள் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழ் எண், காகிதம் என்றால் எஃப்எஸ்சி குறி. அந்தக் குறி மரம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லும், கப் எங்கே போகும் என்பதைச் சொல்லாது. பிளாஸ்டிக்கில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண், பொருளின் வகை. மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதமாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

‘ஈகோ பேக்கிங்’ என்று பில்லில் தனியாகப் பணம் போடுகிறார்கள். கொடுக்கலாமா?

எதற்கு என்று சொன்னால் கொடுப்பேன். சாதா டப்பாவுக்கும் சக்கை டப்பாவுக்கும் விலை வித்தியாசம் உண்மையிலேயே உண்டு. ஆனால் பில்லில் ஈகோ, கையில் கறுப்புப் பிளாஸ்டிக் டப்பா என்றால் அங்கேயே கேளுங்கள். சத்தம் போட வேண்டாம், பில்லையும் டப்பாவையும் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்தாலே மேனேஜர் வந்துவிடுவார்.

புகார் செய்வதென்றால் எங்கே?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பரம் தவறாக வழிநடத்தினால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறைக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலான ஆஸ்கியிடமும் சொல்லலாம், சுற்றுச்சூழல் வாசகங்களுக்கு அவர்களின் விதிகள் 2024 பிப்ரவரி முதல் இருக்கின்றன. வாசகம் தெரியும்படி படம், பில், தேதி, கடை இருக்கும் இடம், இவ்வளவு போதும்.

எல்லாம் சந்தேகம் என்றால், சந்தேகமே இல்லாத வழி எது?

கழுவி மறுபடி பயன்படுத்துவது. அதற்கு முத்திரை வேண்டாம், கண்ணால் பார்க்கலாம். பிரான்சில் 2023 ஜனவரி 1 முதல் 20 இருக்கைக்கு மேல் உள்ள கடையில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்குக் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரத்தில்தான் தர வேண்டும், பர்கர் கடையானாலும் சரி. ஜெர்மனியின் டூபிங்கன் நகரம் 2022-இல் தூக்கிப்போடும் கப்புக்கும் டப்பாவுக்கும் 50 சென்ட் வரி போட்டது. ஒரு மெக்டொனால்ட்ஸ் கிளைக்காரர் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போனார், வரி செல்லும் என்று 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. நமக்கு இது புதுசா என்ன? எவர்சில்வர் டம்ளரும் டவராவும் இன்னும் காபிக் கடையில் இருக்கின்றன.

நான் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பொய் சொல்லாமல் போர்டில் என்ன எழுதலாம்?

கோச்சடைப் பக்கம் ஒரு சூப் கடைக்காரர் என்னிடம் சரக்கு எடுப்பார். சக்கைக் கிண்ணத்துக்கு மாறியபோது “அண்ணே, போர்டுல என்ன போடட்டும்?” என்று இதையேதான் கேட்டார். இருப்பதை எழுதுங்கள் என்றேன். சாக்பீஸால் எழுதினார்: “கிண்ணம் கரும்புச் சக்கை. மூடி பிளாஸ்டிக், வேற கிடைக்கல. தூக்கு கொண்டு வந்தா 3 ரூபா கம்மி.”

மூன்று மாதம் கழித்து மூடி ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டார். சாயந்திரம் போனால் கல்லாவுக்குப் பக்கத்தில் தூக்குச் சட்டிகள் வரிசையில் நிற்கும், எது யாருடையது என்று அவருக்குத்தான் தெரியும்.